செவ்வாய், பத்து மணி

திருக்கடலூர் ஒழுங்கைக்குள்
என் ஸ்கூட்டி திரும்பும் சத்தத்துக்கே
பின்வாசல்களால் பெண்கள் கரைந்துபோவார்கள்.
காயப்போட்ட கருவாட்டை விட்டுக்
காகங்கள் மட்டும் எழும்பாது.
அவை என்னிடம் கடன்படவில்லை.

புஸ்பமலர் வீட்டு வாசலில்
எப்போதும் ஒருத்தி நிற்பாள்.
அவளுடைய வெள்ளைச் சீருடை
கொடியில் தொங்கும், ஈரமில்லாமல்.

"அம்மா இல்ல, மிஸ்."
"எங்க போனவ?"
"ஆஸ்பத்திரிக்கு."
போன கிழமையும் ஆஸ்பத்திரி.
அதற்கு முந்தின கிழமை
கன்னியாவில் ஒரு செத்தவீடு.
பொய்யையும் கணக்குப்போலச் செய்தாள்,
ஒரு படி தவறாமல்,
என் கண்ணைப் பார்த்து.
யதுர்சிகா. பதினொராம் ஆண்டு.

தகரக் கதவுக்குப் பின்னால்
அவள் தாய் மூச்சடக்குவது எனக்குக் கேட்கும்.
கேளாதவள்போல எழுதிக்கொள்வேன்:
ஆள் இல்லை.

எழுபதாயிரம் ரூபாய்.
கிழிந்த வலைக்குப் பாதி,
பழைய கடனை அடைக்க மீதி.
கிழமைக்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது,
ஐம்பத்திரண்டு கிழமை.
வாடைக்காற்று வீசும் மாதங்களில்
தோணி கரையில் கிடக்கும்.
கிழமை கிடக்காது.

ஐப்பசியில் ஒருநாள் அவள் பொய் சொல்லவில்லை.
கொப்பியை விரித்து வைத்திருந்தாள்.
"மிஸ், முப்பது வீதம் எண்டு எழுதியிருக்கு.
கட்டக் கட்ட முதல் குறையுதுதானே,
குறையிற மீதிக்குப் பார்த்தா
ஐம்பதுக்கு மேல வருது.
நான் பிழையா செய்திட்டனோ?
இந்தப் பாடம் நடந்த அண்டைக்கு நான் போகேல்ல.
சிநேகிதியின்ர கொப்பி பார்த்துத்தான் செய்தனான்."

பிழையில்லை.
எனக்குத் தெரியும் அது பிழையில்லை.

மூதூரில், இறங்குதுறைக்குப் பின்னால்,
எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார், சைக்கிளில்.
அம்மா என்னை வாசலில் நிறுத்தவில்லை.
தானே நின்று
ஏச்சு முழுவதையும் தானே வாங்கினாள்.
அந்த நேரம் நான் வகுப்பில்
ஐந்தொகை சமப்படுத்திக்கொண்டிருந்தேன்.
உயர்தரம், வர்த்தகம், இரண்டு பீ, ஒரு சீ.
அந்தத் தாளை நீட்டித்தான் இந்த வேலை,
இந்தச் சட்டை, தவணைக்கு இந்த ஸ்கூட்டி.
படிப்பு என்னைக் கரைசேர்த்தது என்பார் எங்களூரில்.
வாசலின் மற்றப் பக்கத்துக்குச் சேர்த்தது,
இப்போதைக்கு அவ்வளவுதான்.

"செவ்வாயில என்ன பாடம்?"
"முதல் ரெண்டும் கணக்கு, மிஸ்."
"எந்தச் செவ்வாயும்?"
"எந்தச் செவ்வாயும்."

கதவுக்குக் கேட்கும்படி சொன்னேன்:
"கடன் பத்திரத்தில
உன்ர கையெழுத்து இல்லையே, பிள்ளை.
பிறகு நீ ஏன் நிக்கிறாய்?"
உள்ளே ஒரு சட்டி விழுந்தது.
விழுந்ததா, போட்டாரா, தெரியாது.

வரும் வழியில் பஸ்நிலையத்தடியில்
மானொன்று நின்று லஞ்ச்சீட் தின்றது.
பக்கத்திலேயே மழைக்கு முளைத்த புல்.
பழகிவிட்டால் புல் கண்ணுக்குத் தெரியாது போல.
ஹோர்ன் அடித்தேன்.
அது என்னைப் பார்த்துவிட்டுத் தின்றது.

அடுத்த செவ்வாய்
வாசலில் புஸ்பமலர் நின்றார்.
முழங்கை வரை மீன்செதில்.
கைகள் நடுங்கின. குரல் நடுங்கவில்லை.
"காசு இல்ல.
பிள்ளை பள்ளிக்கூடம் போயிட்டாள்."
கொடியில் இரண்டு கிளிப் மட்டும் இருந்தன.

என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
பணம் உண்டு, பணம் இல்லை, ஆள் இல்லை:
இந்த மூன்றுதான் அச்சடித்திருக்கிறார்கள்.
ஓரத்தில் பேனையால் எழுதினேன்:
ஆள் நிற்கிறார்.
மனேஜர் இதென்ன என்று கேட்பார்.
கேட்கட்டும்.

ஸ்கூட்டியைத் திருப்பும்போது கூப்பிட்டார்.
இடுப்பு மடிப்பிலிருந்து இருநூறு ரூபாய்,
நனைந்து ஒட்டியது.
வாங்கிப் பைக்குள் வைத்தேன்.
அவர் நகரவில்லை.
"துண்டு தாங்க, மிஸ், திகதி போட்டு.
வாங்காம விடவேண்டாம் எண்டு
அவள் சொல்லிட்டுப் போனவள்."